மச்சான் நம்பகச் சான்றிதழ்

உயிரோடு, நல்ல உடம்போடு, துபாயில் ஒழுங்கான வேலையோடு ஒரு மச்சான் இருந்தும், ‘மச்சான் இல்லாதவர்’ என்று எழுத்துமூலம் அறிவிக்கப்பட்டாள் ஹிபா. அறிவித்தது முத்துக்கரைப் பல்கலைக்கழகம். கையெழுத்து, முத்திரை, நாள், கோப்பு எண் எல்லாம் கடிதத்தில் மிகச் சரியாக இருந்தன. பிழை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்: மச்சான் இருந்தார்.

பெண்களுக்கு இழைக்கப்படும் அநீதிகளின் பட்டியலில் இது எத்தனையாவது என்று யாரும் கேட்கலாம். பட்டியலிலேயே இல்லை. அதனால்தான் ஆதியிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹிபா காயல்பட்டினத்துக்காரி. வரலாற்றுத் துறையில் நாலாம் வருட ஆய்வாளர். முத்துக் குளித்தவர்கள், சங்கு குளிப்பவர்கள், படகுக்காரர்கள் என்று பதினாலு பேரை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, வாயைப் பிடுங்கி, இருநூற்றுப் பதினாலு மணி நேரப் பேச்சைப் பதிவு செய்திருந்தாள். அந்தப் பதினாலு பேரில் ஐந்து பேர் இப்போது இல்லை. அவர்களிடம் மறுபடி போய்ப் பதிவு செய்துவர எந்த அலுவலகமும் அனுமதி கொடுக்க முடியாது. அத்தனையும் உள்ளங்கையில் அடங்கும் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது.

ஏன் ஒரே ஒரு டிஸ்க் என்றால், விதி.

பல்கலைக்கழகத்தின் சர்வர் அறை கீழ்த்தளத்துக்கும் கீழே, கேன்டீன் கழிவுநீர் போகிற பாதைக்குப் பக்கத்தில் அமைந்திருந்தது. ஒரு மார்கழி மழையில் அது முழுகிப்போனது. விசாரணைக் கமிஷன் போட்டார்கள். கமிஷன் ஏழு மாதம் உட்கார்ந்து, நஷ்டத்துக்கு மூலகாரணம் தரவுகள் பல்கலைக்கழகத்துக்குள் இருந்ததுதான் என்று கண்டுபிடித்தது. வெளியே இருந்திருந்தால் நனைந்திருக்காது அல்லவா? ஆகவே இனிமேல் ஒவ்வோர் ஆய்வாளரும் தன் வீட்டில், தன் வீட்டு நெட்வொர்க்கில், தன் சொந்தப் பணத்தில், நம்பகமான ஒரு சேமிப்புப் பெட்டியை வாங்கி வைத்துத் தரவைப் பேணிக்கொள்ள வேண்டும். எது நம்பகமான பெட்டி என்பதை ‘நம்பகத்தன்மை உறுதிக் குழு’ முடிவு செய்யும். குழு முடிவு செய்யும்வரை ஒரு பிரதிக்கு மேல் யாரும் வைத்திருக்கக் கூடாது. மீறினால் தரவுக் கசிவு. ஆய்வுப் பதிவு ரத்து. இரண்டு பிரதி இருந்தால் இரண்டையும் அல்லவா பாதுகாக்க வேண்டும் என்பது குழுவின் கவலை.

பல்கலைக்கழகத்தில் முப்பத்தேழு ஆய்வாளர்கள். முப்பத்தாறு பேர் இந்த விதியை வாசித்துவிட்டு பென் டிரைவ் வாங்கக் கடைக்குப் போனார்கள். முப்பத்தேழாவது ஆளான ஹிபா, விதியை வாசித்துவிட்டுப் பதில் எழுத உட்கார்ந்தாள். அவள் சுபாவம் அப்படி. பள்ளிக்கூடத்திலிருந்தே விவாதப் போட்டி என்றால் கோப்பையோடுதான் வீடு திரும்புவாள். விதி முட்டாள்தனமானது என்பதை, விதிப்படியே நடந்து நிரூபித்துக் காட்டுவது என்று முடிவு செய்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை டிஸ்க் ‘டக்’ என்றது. பல்லி என்று நினைத்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடி ‘டக், டக்’ என்றது. பல்லி இல்லை.

அன்று மத்தியானமே தூத்துக்குடிக்குப் பஸ் ஏறி, கம்ப்யூட்டர் கடை செந்தூர்வேல் அண்ணாச்சி முன்னால் போய் நின்றாள்.

“அண்ணாச்சி, வீட்ல வைக்கதுக்கு நம்பகமான ஸ்டோரேஜ் பெட்டி ஒண்ணு வேணும்.”

“நம்பகமானதுன்னு ஒண்ணு கெடையாது பாப்பா. எது எப்ப மண்டையப் போடும்னு தெரியாதுங்கதுதான் இந்த யாவாரமே. அதனாலதான் ரெண்டு டிஸ்க் போடுத பெட்டியா எடுக்கச் சொல்லுதேன். ஒண்ணுல எழுதுனத அதுவே மத்ததுலயும் எழுதிக்கிடும். ஒண்ணு போனா இன்னொண்ணு நிக்கும்.”

“ரெண்டும் சேந்து போயிட்டா?”

“அதுக்குத்தான் ரெண்டையும் ஒரே கடையில, ஒரே சரக்குல எடுக்கப்படாது. ஒரே நாள்ல செஞ்சது ஒரே நாள்ல போனாலும் போவும். ஒண்ணு எங்கிட்ட எடு. இன்னொண்ண திருநெல்வேலியில எடு. எனக்கு யாவாரம் கொறையுது, பரவால்ல. நாள் பூரா ஓடுததுக்குன்னே டிஸ்க் தனியா வருது, அதத்தான் போடணும். யூபிஎஸ் இல்லாம வைக்காத. கடல்காத்து படாத எடமாப் பாரு. எல்லாத்துக்கும் மேல, வேற ஊர்ல ஒரு காப்பி இருக்கணும்.”

“வேற காப்பி வச்சிக்கிட அனுமதி இல்ல அண்ணாச்சி.”

“யாரு அனுமதி?”

“யூனிவர்சிட்டி.”

தண்ணீரில் விழுந்த செல்போனை அரிசி மூட்டைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு வருகிறவர்களை அண்ணாச்சி ஒரு பார்வை பார்ப்பார். அதே பார்வையோடு இப்போது ஹிபாவைப் பார்த்தார். “சரி. எதா இருந்தாலும் வெரசா முடி. டக் டக்குங்க ஆரம்பிச்சிட்டுன்னா ரொம்ப நாள் தாங்காது.”

பெட்டியின் பெயர், மாடல், இரண்டு டிஸ்க்குகளின் விவரம், யூபிஎஸ், அது வைக்கப்போகும் அலமாரியின் திசை எல்லாவற்றையும் ஹிபா விண்ணப்பத்தில் நிரப்பினாள். பத்தாவது கலம்வரை ஒரு தடையும் இல்லை. பதினொன்றாவது கலம் கேட்டது: ‘இக்கருவியில் அடங்கியுள்ள பாரம்பரிய அறிவுக்கூறு யாது?’

பாரம்பரியம் அந்த வருடம் பல்கலைக்கழகத்தில் புதிதாக வந்திருந்தது. துணைவேந்தர் ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து எதுவாக இருந்தாலும் அதில் பாரம்பரியம் கொஞ்சம் இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. இயற்பியல் ஆய்வகத்து லேசர் கருவிக்குக் கீழே மாக்கோலம் போட்டிருந்தார்கள். வேதியியலில் அமிலக் குப்பிகளுக்குப் பனையோலையில் லேபிள் எழுதி ஒட்டினார்கள். அமிலம் பட்டு ஓலை கருகியதும் அது பாரம்பரிய நிறமாற்றம் என்று ஒரு கட்டுரை வந்தது. கேன்டீனில் அதே சமோசாவை வாழையிலையில் வைத்துக் கொடுத்தார்கள்.

ஹிபாவுக்கு எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பதினொன்றாவது கலத்தில் இப்படி எழுதினாள்: ‘இக்கடற்கரையின் முத்துக்குளிப்பில், கடலுக்குள் இறங்குபவரின் கயிற்றைப் படகில் நின்று பிடிப்பவர் அவருடைய மச்சான். கயிற்றை விட்டால் தன் சொந்தத் தங்கை தாலியறுப்பாள் என்பதால் அவர் விடமாட்டார். இக்கருவியில் முதல் டிஸ்க் கடலில் இறங்குபவர். இரண்டாம் டிஸ்க் கயிறு பிடிக்கும் மச்சான்.’

எழுதிவிட்டு, கொஞ்சம் தள்ளி வைத்து வாசித்துப் பார்த்தாள். அவளுக்கே பிடித்திருந்தது. படம் எடுத்து அக்காளுக்கு அனுப்பினாள்.

பதினெட்டு நாள் கழித்து அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். கண்காணிப்பாளர் சிவனாண்டி கோப்பை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். இருபத்தாறு வருட சர்வீஸில் ஒரு கோப்பைக்கூட அவர் மறுத்தது கிடையாது. திருப்பி அனுப்புவதோடு சரி. பக்கத்து மேஜையில் உதவியாளர் பிளாரன்ஸ் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

“வாங்கம்மா. எல்லாம் பிரமாதமா எழுதியிருக்கீங்க. குழுத் தலைவர் பதினொண்ணாவது கலத்தைச் சத்தம் போட்டு வாசிச்சாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. ஒண்ணே ஒண்ணுதான் விட்டுப்போச்சு.”

“என்ன ஸார்?”

“மச்சானோட விவரம்.”

“எந்த மச்சான்?”

“கயிறு பிடிக்கிற மச்சான் அவசியம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? அவரு பேரு, வயசு, முகவரி, ஆதார் ஒண்ணையும் காணமே.”

“ஸார், அது உவமை.”

சிவனாண்டி வருத்தத்தோடு தலையை ஆட்டினார். “உவமையா இருந்தா பதினேழுல, ‘பிற குறிப்புகள்’ல போட்டிருக்கணும். பதினொண்ணு உண்மைக்கு உண்டான கலம்.”

“ரெண்டாவது டிஸ்க்தான் மச்சான் ஸார். ஒரு டிஸ்க் போயிட்டா இன்னொண்ணு காப்பாத்தும்.”

“சரி. அந்த டிஸ்க்குக்குத் தங்கச்சி உண்டா?”

“டிஸ்க்குக்கா? இல்ல.”

“அப்ப அது எதுக்காகக் கயித்த விடாமப் பிடிக்கணும்? சொல்லுங்க பாப்போம்.”

ஹிபா வாயைத் திறந்தாள். எத்தனையோ மேடையில் எத்தனையோ பேரை மடக்கிய வாய். மூடிக்கொண்டாள். வாதம் ஒழுங்காக இருந்தது. அதுதான் கொடுமை.

“அதனால,” என்றார் சிவனாண்டி, “பெட்டிக்கு ஒரு மச்சான் நம்பகச் சான்றிதழ் வேணும்னு குழு தீர்மானம் போட்டிருக்கு. முறைப்படி பாத்தா பொண்டாட்டியோட அண்ணன் தம்பியாத்தான் இருக்கணும். பெண் ஆய்வாளர்களுக்கு அது கஷ்டம்னு யோசிச்சு, அக்கா மாப்பிள்ளையையும் ஏத்துக்கிடலாம்னு ஒரு சலுகை குடுத்திருக்காங்க. மகளிர் தினத்தை ஒட்டி.”

பிளாரன்ஸ் தட்டச்சை நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். “ஏளா ஹிபா, ஒனக்கு அக்கா மாப்பிள்ள இருக்காருல்லா? ஒரு கையெழுத்த வாங்கிக் குடுத்துட்டுப் போ. ஏன் தர்க்கம் பண்ணுத?”

வீட்டுக்கு வந்ததும் அக்காள் ஸஹ்லா அதைவிடச் சுருக்கமான வழி ஒன்று சொன்னாள்.

“ஏளா, சும்மா ஒரு பென் டிரைவ்ல இழுத்துப் போட்டுட்டுப் போயேன். யாரு பாக்கப் போறா?”

“அப்ப அவங்க விதி சரின்னு ஆயிரும் லாத்தா.”

“ஆயிட்டுப் போவுது. டிஸ்க்கு பிழைக்கும்லா?”

“இது டிஸ்க் பிரச்சினை இல்ல. கொள்கைப் பிரச்சினை.”

“டக் டக்குன்னு அடிக்கது டிஸ்க்குதான். ஒங் கொள்கை நல்லாத்தான் இருக்கு, அதுக்கு ஒண்ணும் ஆவாது.”

ஸஹ்லாவின் மாப்பிள்ளை நவாஸ் துபாயில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளர். வீடியோவில் வந்தவரிடம் ஹிபா விஷயத்தைச் சொன்னாள். அவர் இரண்டு தடவை கேட்டார்.

“கயிறு பிடிக்கணுமா? எந்தக் கயிறு புள்ள?”

“கயிறெல்லாம் கெடையாது மச்சான். பிடிக்கேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும்.”

“ஒனக்கு நான் எதுல கையெழுத்துப் போடாம இருந்திருக்கேன்? அனுப்பு.”

‘மேற்படி ஹிபாவின் தரவு தொடர்பான கயிற்றை எந்தச் சூழ்நிலையிலும் விடமாட்டேன்’ என்று உறுதிமொழி கூறி நவாஸ் கையெழுத்திட்டார். சான்றிதழ் போய்ச் சேர்ந்தது. மூன்று வாரத்தில் பதில் வந்தது. கயிறு பிடிப்பவர் படகில் இருப்பதே மரபு. விண்ணப்பதாரரின் மச்சான் துபாயில் இருப்பதாகத் தெரியவருவதால், துபாய்க்கும் காயல்பட்டினத்துக்கும் இடையில் கயிற்றின் நீளத்தைப் பாகக் கணக்கில் தெரிவிக்கவும்.

பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். கடலில் ஆழம் பார்க்கிற அளவு. இந்த இடத்தில் புத்தியுள்ள யாரும் கோப்பை விட்டுவிட்டு பென் டிரைவ் கடைக்குப் போயிருப்பார்கள். ஹிபா வரைபடத்தை எடுத்தாள். மூவாயிரத்து முப்பது கிலோமீட்டரைப் பாகமாக மாற்றி, ஏறத்தாழ பதினாறரை லட்சம் பாகம் என்று எழுதி, கீழே ‘கிண்டலுக்காக இதைக் கேட்டிருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்’ என்றும் சேர்த்து அனுப்பினாள். கேட்டவர்கள் கிண்டலுக்காகக் கேட்கவில்லை. பதினாறரை லட்சம் பாகத்துக்குக் கயிறு விட்ட வழக்கம் இந்தக் கடற்கரையில் எந்தக் காலத்திலும் இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று தமிழ்த் துறையிடமும் வரலாற்றுத் துறையிடமும் கருத்துக் கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். அதன்பின் வந்த கடிதம்தான் ஹிபாவை மச்சான் இல்லாதவர் என்று அறிவித்தது.

ஹிபா மேல்முறையீடு செய்தாள். பதினோரு பக்கம். கல்ஃபில் உழைக்கும் ஆயிரக்கணக்கான மச்சான்களை ஒரு பேனாக் கோட்டால் இல்லாதவர்களாக்க இந்தக் குழுவுக்கு அதிகாரம் கொடுத்தது யார் என்று கேட்டாள். காயல்பட்டினத்திலிருந்து கடல் கடந்து போகாத மச்சான் எந்தக் காலத்தில் இருந்தார் என்று கேட்டாள். ஏழாம் பக்கத்தில் அரசியல் சட்டம் வந்தது. பெட்டியைப் பற்றி அந்தப் பதினோரு பக்கத்தில் ஒரு வரியும் இல்லை.

குழு அசந்துபோனது. நாற்பது நாள் தள்ளி ஒரு தேதி கொடுத்து, மச்சானை நேரில் ஆஜர்படுத்தச் சொன்னது.

நவாஸ் எமர்ஜென்சி லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டு வந்தார். பதினாலு மாதம் கழித்து வருகிறார். ஸஹ்லா புதுச் சேலை எடுத்தாள். “அந்தக் குழுவுல இருக்கவங்க பிள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்,” என்று அடுப்படியில் நின்று துஆ செய்தாள்.

அந்த நாற்பது நாளும் டிஸ்க்கை ஹிபா அநேகமாகத் தொடவேயில்லை. ஒரே ஒரு தடவை, மனசு கேட்காமல், பத்து நிமிடம் போட்டாள். புன்னைக்காயல் டெரன்ஸ் பேசிய துண்டு வந்தது. போன வருடம் இறந்துபோன மனிதர். பின்னால் கோழி கத்துகிறது, யாரோ பாத்திரம் உருட்டுகிறார்கள், டெரன்ஸ் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: “கீழ போனவன் கயித்த ஒரு சுண்டு சுண்டுவான். ஒடனே இழுத்துப்புடணும். ஏன் சுண்டுதான், எதுக்குச் சுண்டுதான்னு மேல நின்னு பேசிக்கிட்டிருக்கப்படாது பாத்துக்க. பேசி முடிக்கதுக்குள்ள அவன் போயிருவான்.”

டக், டக், டக் என்றது டிஸ்க். ஹிபா அவசரமாக நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, விசாரணைக்கான குறிப்புகளை எடுத்துத் திருத்தத் தொடங்கினாள்.

விசாரணை அறையில் மண் குவளையில் மோர் வைத்திருந்தார்கள். ஏசிக்குப் பனையோலை விசிறி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். நடுவில் குழுத் தலைவர், தாவரவியல் பேராசிரியர். வலப்பக்கம் தொழில்நுட்ப நிபுணர். வீட்டில் வைஃபை இருப்பதால் குழுவில் சேர்க்கப்பட்டவர். இடப்பக்கம் சிவனாண்டி. ஓரத்தில் குறிப்பெடுக்க பிளாரன்ஸ். எதிரே, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் நவாஸ்.

குழுவிடம் சேமிப்புப் பெட்டிக்கென்று முன்பே அச்சடித்த சோதனைப் படிவம் ஒன்றுதான் இருந்தது. மச்சானுக்குத் தனிப் படிவம் அச்சடிக்க நிதி இல்லை. அதையே வைத்துக்கொண்டு தலைவர் ஆரம்பித்தார்.

“ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தொடர்ந்து இயங்குவீர்கள்?”

நவாஸ் ஹிபாவைப் பார்த்தார். “பன்னெண்டு மணி நேரம் ஸார். வெள்ளிக்கிழமை லீவு.”

“தொடர் இயக்கம் இல்லை,” என்று முனகியபடி நிபுணர் எழுதப் போனார்.

ஹிபா எழுந்துவிட்டாள். “ஆட்சேபிக்கிறேன் ஸார்! எங்க லாத்தா எந்நேரம் போன் பண்ணாலும் மச்சான் ரெண்டாவது மணியில எடுத்துருவாங்க. வெள்ளிக்கிழமையும் சேத்து. இதுக்குப் பேரு இயக்கம் இல்லையா?”

நிபுணர் யோசித்து, அடித்துவிட்டு, ‘உறக்க நிலையிலும் அழைத்தால் விழிக்கும்’ என்று எழுதினார்.

“இயங்கும்போது சத்தம் உண்டா?”

“கொறட்டை லேசா உண்டு ஸார்,” என்றார் நவாஸ், வெட்கத்தோடு.

“சூடானால்?”

இதற்கு ஹிபா முந்திக்கொண்டாள். “கோவம் வந்தா ஒரு வார்த்த பேசமாட்டாங்க. வெளிய போயி ரெண்டு நிமிஷம் நின்னுட்டு வந்துருவாங்க.”

“தானாகக் குளிர்கிறது. நல்லது. உப்புக்காற்று தாங்குமா?”

“காயல்பட்டினத்துல பொறந்தவரு ஸார்!”

“இதற்குமுன் எதையாவது இழந்தது, மறந்தது உண்டா? மறைக்காமல் சொல்லுங்கள்.”

நவாஸ் நேர்மையானவர். “கல்யாண நாளை ஒருதடவ மறந்துட்டேன் ஸார்.”

சிவனாண்டி கண்ணாடியைக் கழற்றினார். ஹிபா அசரவில்லை. “ஒரே ஒரு தடவ. அதுக்கப்புறம் ஆறு வருஷமா ஒரு நாள் தவறினதில்ல. பிழை கண்டறியப்பட்டு, நிரந்தரமாத் திருத்தப்பட்டிருக்கு. இந்த அறையில இருக்க மத்த கணவன்மாருங்க நெஞ்சுல கைவச்சு இதச் சொல்ல முடியுமா?”

யாரும் நெஞ்சில் கைவைக்கவில்லை. தலைவர் மோரைக் குடித்தார்.

“உத்தரவாதம் எத்தனை வருடம்?”

“நிக்காஹ்வுக்குக் காலாவதி தேதி கெடையாது ஸார்!”

குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிவனாண்டி மெதுவாக, கண்ணாடியைத் துடைத்தபடியே கேட்டார்: “ஆக மொத்தம், நீங்க வாங்கப்போற பெட்டியவிட இவரு நம்பகமானவருங்கீங்க?”

ஹிபாவின் முகம் ஜொலித்தது. எதிரி தானாகவே வந்து மடியில் விழுகிற தருணம். “அந்தப் பெட்டி மட்டுமில்ல ஸார். உலகத்துல இருக்க எந்தப் பெட்டியையும்விட!” மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். மண் குவளைகள் குலுங்கின.

பிளாரன்ஸின் பேனா நின்றது. அவர் தலையை நிமிர்த்தி ஹிபாவையே பார்த்தார். “எழுதட்டுமாளா?”

“எழுதுங்க அக்கா.”

“நல்லா யோசிச்சுக்கோ. எழுதட்டுமா?”

“அடிக்கோடு போட்டு எழுதுங்க.”

எழுதப்பட்டது. நவாஸின் கையை மூன்று பேரும் குலுக்கினார்கள். தலைவர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருந்து, பிடிமானம் திருப்திகரம் என்றார். வெளியே வந்த ஹிபாவுக்குக் கால் தரையில் படவில்லை. நாலு வருடத்தில் முதன்முறையாகப் பல்கலைக்கழகத்தை வாதத்தில் தோற்கடித்திருக்கிறாள்! அன்று வீட்டில் பிரியாணி. இரண்டு நாளில் நவாஸ் துபாய்க்கு விமானம் ஏறினார். உத்தரவு இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று ஹிபா தபாலுக்குக் காத்திருந்தாள். வந்த மறுநிமிடம் பெட்டியை எடுத்துவர செந்தூர்வேல் அண்ணாச்சியிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

ஒன்பதாம் நாள் டிஸ்க்கைப் போட்டாள். டக் என்ற சத்தம் இல்லை. ஒரு சத்தமும் இல்லை.

கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அண்ணாச்சி அரை நாள் அதோடு மல்லுக்கட்டினார். சென்னையில் தெரிந்தவரிடம் கூரியரில் அனுப்பிப் பார்த்தார். திரும்பி வந்ததை ஒரு துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தார்.

“உள்ள சுத்துத தட்டுலயே கோடு விழுந்துட்டு பாப்பா. ஒண்ணும் எடுக்க முடியாதுன்னுட்டான். காப்பி வேற இல்லவே இல்லையா? ஒரு பென் டிரைவ்லகூடவா?”

“இல்ல அண்ணாச்சி.”

“எல்லாப் பிள்ளைகளும் எங்கிட்டதானே வாங்கிட்டுப் போச்சு...” என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஹிபா வீட்டுக்கு வந்து பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஏழாம் பக்கம், அரசியல் சட்டம் ஒன்றும் அதில் இல்லை. மொத்தமே மூன்று வரி. ‘டிஸ்க் நின்றுவிட்டது. இருநூற்றுப் பதினாலு மணி நேரமும் போய்விட்டது. இனி நான் என்ன செய்ய வேண்டும்?’

பல்கலைக்கழக வரலாற்றில் இல்லாத வேகத்தில், மூன்றே நாளில், பதில் வந்தது. ஸஹ்லா பிரித்துக் கொடுக்க, ஹிபா நின்றபடியே வாசித்தாள்:

‘தங்கள் மச்சான் திரு. நவாஸ் அவர்கள் உலகிலுள்ள எந்தப் பெட்டியையும்விட நம்பகமானவர் என்ற தங்கள் வாதத்தைக் குழு ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. எனவே பெட்டி வாங்க அனுமதி கோரும் தங்கள் விண்ணப்பம் தேவையற்றதாகி, முடித்துவைக்கப்படுகிறது. விசாரணை நாள் முதல் தங்கள் தரவு மேற்படி மச்சானின் பொறுப்பில் இருப்பதாகக் கொள்ளப்படும். டிஸ்க் நின்றது அதற்குப் பிந்தைய நிகழ்வாகையால், தரவு இழப்பு ஏதும் ஏற்படவில்லை எனப் பதிவு செய்யப்பட்டுள்ளது.

இந்தச் சிறந்த முறை ‘ஹிபா நெறிமுறை’ என்ற பெயரில் அனைத்து ஆய்வாளர்களுக்கும் விரிவாக்கப்படுகிறது. ஏனைய முப்பத்தாறு பேரும் தம்மிடமுள்ள பெட்டி, பென் டிரைவ் முதலியவற்றை ஒரு வாரத்துக்குள் அழிப்புக்காக ஒப்படைத்து, தத்தம் மச்சான்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

தங்கள் ஆய்வேட்டை ஏற்கும்முன் மூலத் தரவு சரிபார்க்கப்பட வேண்டியுள்ளது. ஆகவே வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, மச்சானைப் பழுதில்லாத நிலையில் இவ்வலுவலகத்தில் ஒப்படைக்கவும். இருநூற்றுப் பதினாலு மணி நேரம் ஆகும் என்பதால், அவருக்கு மாற்றுடை கொடுத்தனுப்பவும்.’